பார்த்தது, கேட்டது, ஊகித்தது

வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அண்ணே, லைவ்ல மணிக்கணக்கா எப்படிண்ணே விடாம பேசறீங்க?" அதைப் பேச்சுத்திறமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் பேச்சு வராத அரசியல் நிருபரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நேரலையில் தடுமாறுகிறவர் பெரும்பாலும் கையில் சரக்கு இல்லாமல் தடுமாறுகிறார். அவரைக்கூட மன்னித்துவிடலாம். சரக்கு இல்லாதபோதும் தடுமாறாமல் பேசுகிறாரே, அவரைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

நான் பழகிக்கொண்ட முறை இது. இயர்பீஸில் ஸ்டுடியோவிலிருந்து கேள்வி வந்ததும், எனக்குத் தெரிந்ததை மூன்றாகப் பிரித்துக்கொள்வேன். என் கண்ணால் பார்த்தது. ஒருவர் சொல்லிக் கேட்டது. நானாக ஊகித்தது. பார்த்ததை அப்படியே சொல்லலாம். கேட்டதை, சொன்னவர் யார் என்பதோடு சேர்த்துச் சொல்லலாம். ஊகித்ததை வைத்து அடுத்த போன் யாருக்கு அடிப்பது என்று முடிவு செய்யலாம், அவ்வளவுதான். அதை மைக்கில் சொல்லக்கூடாது.

எழுதிப் படிக்கும்போது இது எளிதாகத் தெரியும். 2016 டிசம்பர் 5 மாலையை நினைத்துப் பாருங்கள். முதலமைச்சர் ஜெயலலிதா செப்டம்பர் 22 இரவு அப்போலோவில் அனுமதிக்கப்பட்டதிலிருந்து கிரீம்ஸ் சாலையே எங்களுக்கு அலுவலகம் என்று ஆகியிருந்தது. டிசம்பர் 4 மாலை இதய முடக்கம் என்று மருத்துவமனை அறிவித்தது. மறுநாள் மாலை சில தொலைக்காட்சிகளில் அவர் காலமாகிவிட்டார் என்று செய்தி ஓடத் தொடங்கியது. ராயப்பேட்டை அவ்வை சண்முகம் சாலையில் உள்ள கட்சித் தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. சிறிது நேரத்தில் மருத்துவமனை அந்தச் செய்தியை மறுத்தது, சிகிச்சை தொடர்கிறது என்றது. கொடி மறுபடி மேலே ஏறியது. அவர் இரவு 11.30 மணிக்குக் காலமானார் என்ற அறிவிப்பு நள்ளிரவுக்குப் பிறகுதான் வந்தது.

அந்த மாலையில் நிருபரின் கையில் இருந்தது என்ன? கொடி இறங்கியதைக் கண்ணால் பார்த்தோம். அதைச் சொல்லலாம். ஏன் இறக்கினார்கள் என்று கட்சி அலுவலகத்தில் ஒருவர் பெயர் சொல்லிப் பேசினால், அவர் பெயரோடு அதையும் சொல்லலாம். 'காலமானார்' என்பது மட்டும் மருத்துவமனையோ அரசோ சொல்ல வேண்டிய சொல். கொடியைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்வது ஊகம். கோடிக்கணக்கான மக்கள், அதிலும் அவரை அம்மா என்று அழைத்த பெண்கள், வீட்டில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து அந்த ஒரு சொல்லுக்காக நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் ஒருமுறை சொல்லிவிட்டு, பிறகு இல்லை என்று, பிறகு ஆமாம் என்று சொல்வது சாதாரணக் காரியமில்லை. முந்திக் கொடுத்த நிமிடக் கணக்கு மறுநாள் யாருக்கும் நினைவில் இருக்காது. பதறிப்போன வீடுகளுக்கு அந்தப் பதற்றம் மறக்காது.

"அப்படின்னா அந்த நேரம் பூரா என்னதான் பேசறது?" என்பார்கள். நிறைய இருந்தது. அதுவரை வந்த மருத்துவ அறிக்கைகள், தேதி வாரியாக. லண்டனிலிருந்தும் எய்ம்ஸிலிருந்தும் வந்த மருத்துவர்கள் யார், எப்போது வந்தார்கள். எக்மோ கருவி என்ன செய்யும். அக்டோபர் 11ஆம் தேதி முதலமைச்சரின் துறைகளை ஓ.பன்னீர்செல்வத்திடம் ஒப்படைத்த அறிவிப்பு. 1984 அக்டோபரில் இதே அப்போலோவில் எம்.ஜி.ஆர். அனுமதிக்கப்பட்டபோது ஆட்சி எப்படி நடந்தது, 1987 டிசம்பரில் அவர் மறைந்ததும் என்ன ஆனது. ஒவ்வொன்றும் உண்மை, ஒவ்வொன்றும் பார்க்கிறவருக்குப் பயன். இவற்றை முன்கூட்டியே நோட்டில் எழுதி வைத்திருப்பவருக்கு ஊகம் தேவைப்படாது. கையில் நல்ல சரக்கு இருந்தால் வாயில் பொய்க்கு இடம் இருக்காது.

முன்பெல்லாம் இந்தச் சோதனை இவ்வளவு கடுமையாக இல்லை. டேப் காலத்தில் பேட்டி எடுத்து, கேசட்டை பைக்கில் வந்த பையனிடம் கொடுத்தனுப்பி, அது அலுவலகம் போய்ச் சேரும்வரை நமக்கு நேரம் இருந்தது. மாவட்டத்திலிருந்து என்றால் பேருந்து நடத்துநரிடம் கேசட்டைக் கொடுத்துவிட்டால், கோயம்பேட்டில் ஆள் நின்று வாங்குவார். அந்த இடைவெளியில் இரண்டு மூன்று பேரிடம் கேட்டுச் சரிபார்த்துவிடலாம். பிறகு நேரலைக்கான ஓ.பி. வேன் வந்தது, இப்போது முதுகுப்பையில் மாட்டிய கருவியிலிருந்தே படம் நேராகப் போகிறது. சரிபார்க்கத் தானாகக் கிடைத்த அந்த நேரம் போய்விட்டது. இப்போது அதை நாமே பிடிவாதமாக உண்டாக்கிக்கொள்ள வேண்டும். டெஸ்க்கிலிருந்து "எல்லாச் சேனல்லயும் வந்திடுச்சு, நம்மகிட்ட மட்டும் இல்ல" என்று கத்துவார்கள். "எனக்கு இன்னும் உறுதி ஆகலை சார், ஆனதும் முதல் போன் உங்களுக்குத்தான்" என்று அமைதியாகச் சொல்லப் பழக வேண்டும். குரலை உயர்த்த வேண்டாம். திரும்பத் திரும்ப அதே வாக்கியத்தைச் சொன்னால் போதும்.

நேரலைக்கு நான் பாடமாகச் சொல்வது 2017 பிப்ரவரி 7 இரவு. ஓ.பன்னீர்செல்வம் மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்துக்கு வந்து, முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சுமார் நாற்பது நிமிடம். பேச்சு இல்லை, அறிக்கை இல்லை. கேமராவில் தெரிவது கண்மூடி உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் மட்டும். 'என்ன முடிவு எடுத்திருக்கிறார்?' என்று ஸ்டுடியோவிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள். யாருக்குத் தெரியும்? ஆனால் தெரிந்தவை இருந்தன. பிப்ரவரி 5ஆம் தேதி அ.தி.மு.க. சட்டமன்றக் கட்சித் தலைவராக சசிகலா தேர்வானார். அன்றே பன்னீர்செல்வம் முதலமைச்சர் பதவியை விட்டு ராஜினாமா கடிதம் கொடுத்தார். ஆளுநர் வித்யாசாகர் ராவ் அதை ஏற்று, மாற்று ஏற்பாடு வரை தொடரச் சொல்லியிருந்தார். ஆகவே அங்கே உட்கார்ந்திருப்பவர் அந்த நிமிடம் சட்டப்படி யார் என்பதைச் சொல்லலாம். பதவியேற்புக்கு யார் அழைக்க வேண்டும், ஆளுநரின் அதிகாரம் எதுவரை, 1985இல் வந்த பத்தாவது அட்டவணை கட்சித் தாவலைப் பற்றி என்ன சொல்கிறது, எல்லாம் சொல்லலாம். எழுந்து வந்தவர், கட்டாயப்படுத்தி ராஜினாமா வாங்கினார்கள் என்றார். அந்த நாற்பது நிமிடமும் ஆரூடம் சொன்ன நிருபருக்கு அதன்பின் பேச வார்த்தை இல்லை. சட்டமும் தேதியும் சொல்லிக்கொண்டிருந்தவர், பன்னீர்செல்வம் பேசி முடித்த நொடியிலிருந்து அதன் பொருளை விளக்க ஆரம்பித்துவிட்டார்.

அதே மாதம் 18ஆம் தேதி சட்டப்பேரவையில் நம்பிக்கை வாக்கெடுப்பு. புதிய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமிக்கு 122 வாக்கு, எதிராக 11. தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பேரவைக்குள் எங்கள் கேமரா போக முடியாது. செய்தியாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்த்ததைக் குறிப்பெடுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்து சொல்ல வேண்டும். அன்று எதிர்க்கட்சித் தலைவர் மு.க.ஸ்டாலின் கிழிந்த சட்டையோடு வெளியே வந்தார். சபைக் காவலர்கள் தாக்கினார்கள் என்றார். சபாநாயகர் தனபாலோ, தன் சட்டைதான் கிழிக்கப்பட்டது என்றார். இந்த இடத்தில் நிருபர் வாயிலிருந்து வரவேண்டிய வாக்கியம் எது? 'ஸ்டாலின் சட்டை கிழிந்திருக்கிறது, காவலர்கள் தாக்கியதாக அவர் சொல்கிறார், தன் சட்டையைக் கிழித்ததாக சபாநாயகர் சொல்கிறார்.' இதில் ஒரு சொல்லைக் கூட்டினாலோ குறைத்தாலோ நீங்கள் ஒரு பக்கம் போய் நின்றுவிட்டீர்கள் என்று அர்த்தம். எந்தக் கட்சி சார்பான தொலைக்காட்சியில் வேலை பார்த்தாலும் இதைச் செய்ய முடியும். தமிழ்நாட்டில் கட்சிக்கொரு தொலைக்காட்சி இருப்பது ஊருக்கே தெரியும். மைக்கில் இருக்கும் லோகோவை வைத்துத்தான் உங்களுக்கு நாற்காலி போடுவதா, வாசலில் நிறுத்துவதா என்று முடிவாகும். ஆனால் உங்கள் செய்தியில் எதிர்த்தரப்பின் பதில் தவறாமல் இருந்தால், சில ஆண்டுகளில் அந்தத் தரப்பு உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். செய்தி ஒளிபரப்பாவதற்கு முன்பே போன் செய்து "உங்க பதில் வேணும்" என்று கேளுங்கள். ஒளிபரப்பான பிறகு கேட்டால் அது சமாதானம்.

அச்சடித்த தாள் கையில் இருக்க வேண்டும் என்பதை நான் கெஞ்சிக் கேட்பேன். 2023 ஜனவரி 9ஆம் தேதி ஆளுநர் ஆர்.என்.ரவி பேரவையில் உரை வாசித்தபோது, அச்சடித்த உரையைக் கையில் வைத்து வரிக்கு வரி விரலால் பின்தொடர்ந்தவருக்குத்தான் எந்த இடத்தைத் தாண்டிப் போனார் என்று அந்த நொடியே தெரிந்தது. திராவிட மாடல் என்ற சொல், பெரியார், அம்பேத்கர், காமராஜர், அண்ணா, கருணாநிதி பெயர்கள் வரும் வரி, எல்லாம் விடுபட்டன. அச்சிட்ட உரை மட்டுமே அவைக்குறிப்பில் ஏற வேண்டும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் தீர்மானம் கொண்டுவந்தார், ஆளுநர் தேசிய கீதத்துக்கு முன்பே வெளியேறினார். உரையைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவருக்கு அந்தத் தீர்மானமே திடீர்ச் சம்பவமாகத் தெரிந்திருக்கும். மானியக் கோரிக்கை நாட்களில் துறை வாரியாகத் தரும் கொள்கை விளக்கக் குறிப்பை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்கள் உண்டு. படிப்பவர்கள் குறைவு. போன வருடக் குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். போன வருடம் சொன்ன திட்டம் இந்த வருடம் காணாமல் போயிருந்தால், அமைச்சரிடம் கேட்க ஒரு கேள்வி கிடைத்துவிட்டது.

கேள்வி கேட்பதிலும் இதே கணக்குதான். தேதியோ எண்ணோ உள்ள, ஒரே மூச்சில் முடிகிற கேள்வியைத் தட்டிக்கழிப்பது கஷ்டம். ஒரு கேள்விக்குள் இரண்டைக் கட்டினால் தலைவர் சுலபமானதை எடுத்துக்கொள்வார். பதில் வந்ததும் உடனே அடுத்ததற்குத் தாவாமல் மைக்கை அப்படியே பிடித்துக்கொண்டு இரண்டு நொடி நில்லுங்கள். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் அவர்களே ஒரு வரி கூடுதலாகச் சொல்வார்கள், பல சமயம் அதுதான் தலைப்புச் செய்தி. மீனம்பாக்கம் விமான நிலைய வாசலில் கார் கதவு திறப்பதற்குள் கேட்டாக வேண்டும் என்பதால் இது இன்னும் முக்கியம். டெல்லி போகும்போதும் வரும்போதும் தலைவர்கள் அங்கே பேசுவதுதான் நம் அரசியலின் பாதி.

கேள்வி பிடிக்காவிட்டால் தலைவர்கள் எடுக்கும் ஆயுதம் ஒன்று உண்டு. "நீங்க எந்த டிவி?" சுற்றி நிற்கும் தொண்டர்கள் சிரிப்பார்கள், கேட்டவர் சுருங்கிப் போவார், கேள்வி அங்கேயே செத்துவிடும். இதற்கு ஒரே மருந்து, பக்கத்தில் நிற்கும் நிருபர் அதே கேள்வியை அதே சொற்களில் கேட்பதுதான். அவர் போட்டிச் சேனலாக இருந்தாலும் சரி. நான் அப்படிக் கேட்டிருக்கிறேன், எனக்காகவும் மற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். கேட்டது ஒரு பெண் நிருபர் என்றால் கேலி இன்னும் அசிங்கமாக வரும், கூட்டத்தில் இடிப்பதும் தள்ளுவதும் தனி. மூத்தவர்கள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல நிற்பது எனக்குச் சகிக்காது. அந்தப் பெண் முன்வரிசையில் நிற்க இடம்விட்டு, அவருடைய கேள்விக்குப் பதில் வந்த பிறகுதான் என் கேள்வி என்று சொல்ல வேண்டியது மூத்தவர் வேலை.

செய்தி தருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைவருடைய எண் என்னிடம் இருக்கிறது என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, எல்லாரிடமும் இருக்கிறது. போனை எடுப்பவர் உதவியாளர். கார் எப்போது கிளம்பும் என்பது ஓட்டுநருக்குத் தெரியும். தடுப்புக்கட்டைகள் லாரியில் வந்து இறங்குவதும், உயர் அதிகாரிகளின் வண்டி வரிசையாக வருவதும் வாசலில் நிற்கும் காவலருக்கு முன்பே தெரியும். செய்தி இல்லாத நாளில் இவர்களைப் போய்ப் பாருங்கள். பிள்ளை எந்த வகுப்பு, ஊரில் மழையா என்று பேசுங்கள், செய்தியை மட்டும் கேட்காதீர்கள். அவர்கள் சொன்ன ஒன்றை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் பெயரோடு போட்டுவிடாதீர்கள். அது ஸ்க்ரீன்ஷாட்டாகி சாயங்காலத்துக்குள் கட்சி அலுவலகம் போய்ச் சேரும், ஒரு ஓட்டுநரின் வேலை போகும். இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் உறுதியாகிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். "உங்களுக்கு இதை யார் சொன்னாங்க?" என்று இருவரிடமும் கேளுங்கள். பல தடவை இருவரும் ஒரே மூன்றாமவரைக் கைகாட்டுவார்கள். கட்சி லெட்டர்பேடில் வாட்ஸ்அப்பில் வரும் அறிக்கைகளுக்கும் இதேதான், கையெழுத்தைப் பார்த்து நம்பாமல் கட்சியின் செய்தித் தொடர்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பத்திரிகையாளர் சந்திப்பு முடிந்து கவர் நீட்டுவார்கள். அங்கேயே, அந்த ஆளிடமே, சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்று பையில் வைத்தால் அது வாங்கியதாகத்தான் கணக்கு.

வாக்கு எண்ணிக்கை நாளில்தான் ஊகிக்கும் ஆசை மிக அதிகமாக இழுக்கும். காலை எட்டு மணிக்குத் தபால் வாக்கு, அரைமணி கழித்து இயந்திரங்கள். வழக்கமாக ஒரு தொகுதிக்கு 14 மேசை, ஆகவே ஒரு சுற்றில் 14 வாக்குச்சாவடி. சாவடிகள் வரிசை எண்படி எண்ணப்படுவதால் முதல் சில சுற்றுகள் தொகுதியின் ஏதோ ஒரு மூலையிலிருந்துதான் வரும். அது நகரமா, மலையடிவாரமா, எந்தக் கட்சிக்குப் பலமான இடம் என்பதை வாக்குச்சாவடிப் பட்டியல் பார்த்து முந்தின நாளே குறித்துக்கொண்டால், முதல் மூன்று சுற்றைப் பார்த்து முடிவு சொல்லும் ஆசை தானாக அடங்கும். 2021 மே 2 அன்று காட்பாடியில் துரைமுருகன் சுற்றுக்குச் சுற்று பின்னால் இருந்து, கடைசியில் 746 வாக்கில் வென்றார். அதே நாளில் தியாகராய நகரில் வித்தியாசம் 137. 2016இல் ராதாபுரத்தில் 49. 2009இல் சிவகங்கையில் ப.சிதம்பரம் தோற்றுவிட்டார் என்று பகலில் பேச்சு ஓடியது, முடிவு வந்தபோது 3,354 வாக்கில் அவர் வெற்றி. 'முன்னிலை', 'பின்னடைவு' இரண்டு சொல் போதும், தேர்தல் அலுவலர் சான்றிதழ் கொடுக்கும்வரை மூன்றாவது சொல் வேண்டாம். எந்தச் சுற்று முடிந்திருக்கிறது, இன்னும் எத்தனை பாக்கி என்று ஒவ்வொரு முறையும் சேர்த்துச் சொல்லுங்கள். பார்க்கிறவர் தானே கணக்குப் போட்டுக்கொள்வார்.

பேசாமல் இருக்க வேண்டிய நேரமும் உண்டு. 2018 ஆகஸ்ட் 8 காலை, கருணாநிதியை மெரினாவில் அடக்கம் செய்யலாம் என்று உயர் நீதிமன்றம் சொன்ன செய்தி, உடல் வைக்கப்பட்டிருந்த ராஜாஜி அரங்குக்கு வந்ததும் ஸ்டாலின் உடைந்து அழுதார். திரையில் அது தெரிந்துகொண்டிருக்கும்போது 'கண்கலங்கி நிற்கிறார்' என்று நாம் சொல்ல என்ன இருக்கிறது? மைக்கைத் தாழ்த்திக்கொண்டு, கேமராமேனுக்கு இடம்விட்டு ஒதுங்கிவிட வேண்டும். வரிசையில் அழுதபடி வரும் தொண்டர் முகத்தில் மைக்கை நீட்டி 'எப்படி உணர்கிறீர்கள்' என்று கேட்பதை விட்டுவிடலாம். தீர்ப்பின் விவரம், ஊர்வலம் எந்த வழியாகப் போகும், பொதுமக்கள் எங்கே நிற்கலாம் என்பதைப் பிறகு சொன்னால் மக்களுக்கு உதவும்.

உடம்பைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பிய்ந்து போகாத ஷூ, தண்ணீர், உபரி பேட்டரி, வாழைப்பழம். கேமராமேன் சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டு நீங்கள் சாப்பிடுங்கள்.

என் போனில் உள்ள எண்களை இப்போது இளையவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். ஆனால் பட்டியலாக அனுப்புவதில்லை. ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்பேன், "இந்தத் தம்பிகிட்ட உங்க நம்பரைக் கொடுக்கலாமாண்ணே?" சரி என்றால் நேரில் கூட்டிப்போய் டீக்கடையில் உட்காரவைத்து அறிமுகம் செய்வேன். வேண்டாம் என்றவர் எண் என்னோடு இருந்துகொள்ளும். அடுத்த தேர்தல் வருவதற்குள் ராயப்பேட்டை, தேனாம்பேட்டை, தியாகராய நகர் கட்சி அலுவலகங்களில் வாசல் முதல் மாடி வரை எல்லாரையும் அந்தத் தம்பி தங்கைகளுக்குப் பழக்கிவிட வேண்டும்.